உரம் விழவில்லை, ஞானம் அக்கா

அம்மாவுக்கு அடுத்தபடி இந்த உலகத்தில் என்னை முதலில் தூக்கிய என் ஞானம் அக்காவுக்கு,

இதை எழுதி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தேன். உன் மேல் சொல்லப்பட்ட சொல் நாலு பேர் நடுவில் சொல்லப்பட்டது. கல்யாண வீட்டில் சொன்னார்கள், ஞானஸ்நான விருந்தில் சொன்னார்கள், சாவு வீட்டில்கூடச் சொன்னார்கள். அதைத் திருப்பி எடுப்பதும் நாலு பேர் படிக்கும்படி அச்சில்தான் நடக்க வேண்டும். நீ கூச்சப்படுவாய், தெரியும். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

தெரியாதவர்களும் படிப்பார்கள், அதனால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு ஒன்பது வயது. உட்காரத் தொடங்கியதும் என் தலை இடது தோள் பக்கமே சாய்ந்து நின்றது. பச்சைக் குழந்தையைச் சரியாகப் பிடிக்காமல் தூக்கினால் கழுத்து பிசகிக்கொள்ளும் என்பார்கள். உரம் விழுந்தது என்று அதற்குப் பெயர். "ஞானம்தான் கழுத்துக்குக் கை குடுக்காம தூக்கினா, நான் பார்த்தேன்" என்று அப்பாவின் தங்கை லூர்து அத்தை சொன்னார். உரம் எடுக்கிறவளை வரவழைத்து, என்னைச் சேலையில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டினார்கள். எண்ணெய் தடவி நீவினார்கள். தலை நேராகவில்லை. உனக்கு அடி விழுந்தது.

அடி அன்றோடு போயிற்று. சொல் போகவில்லை. அதற்குப் பிறகு நீ எந்தப் பச்சைக் குழந்தையையும் கையில் எடுக்கவில்லை. என் பெரியவன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றாய். "அவன் உட்காரட்டும் பிலோ, அப்புறம் தூக்கிக்கிறேன்" என்றாய். உன் சொந்த மகள் ஸ்டெல்லாவைக்கூட அம்மா எடுத்து உன் மடியில் வைத்தால்தான் பால் கொடுப்பாய். நீயாகக் குனிந்து எடுத்ததை யாரும் பார்த்ததில்லை. நம் வீட்டில் அது ஒரு ஒழுங்காகவே ஆகிவிட்டது.

என் பாடு வேறு மாதிரி. கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலை என் கன்னத்தில் வைத்து நேராக்குவார். ஸ்கேலை எடுத்ததும் தலை பழைய இடத்துக்குப் போய்விடும். எனக்கு வயது ஏற ஏற அதை மறைப்பதை விட்டுவிட்டு, முதுகை நிமிர்த்தி, அந்தச் சாய்வையே ஒரு தோரணையாக்கிக்கொண்டேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. பரிதாபத்துக்கு அது எவ்வளவோ தேவலை. கல்யாணத்தன்று போட்டோக்காரர் கிட்டே வந்து தலையை நேராக்கிவிட்டு நேராக்கிவிட்டுச் சலித்துப் போனார். படத்தைப் பார்த்தவர்கள், பெண்ணுக்கு எவ்வளவு நாணம் என்றார்கள். நீ மட்டும் அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டாய்.

இப்போது செய்திக்கு வருகிறேன்.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலம் உனக்குத் தெரியும். மேற்கிலிருந்து ஏறி, தண்டவாளங்களைத் தாண்டி, கிழக்கே இறங்கிக் கோயிலுக்குப் போவேன். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் விடாமல் வைத்திருக்கும் ஒரே நடை அதுதான். போன தவக்காலத்தில் ஒரு காலை, இறங்கக் குனிந்தால் படி இரண்டாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று. எதில் கால் வைப்பது என்று தெரியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டேன்.

"இன்னா ஆயா, வழியில செலையாட்டம் நின்னுகினு? ஓரமா போ, வண்டி பூடும்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

விழுந்து எலும்பு முறிவதா, ஆயா என்று அழைக்கப்படுவதா, எது மோசம் என்று அந்த நிலையிலும் யோசித்தேன். பிறகு ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். படி ஒன்றானது. மற்றதை மூடினேன். அப்போதும் ஒன்றுதான். இரண்டையும் திறந்தால் இரண்டு. ஒற்றைக் கண்ணோடு இறங்கிக் கோயிலுக்குப் போனேன். பூசைப் புத்தகத்தில் ஒரு வரி அடுத்த வரியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே வீட்டை விற்கச் சொல்வார்கள். சில வாரம் சமாளித்தேன். தலையை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தால் இரண்டும் ஒன்று சேருவதைக் கண்டுபிடித்தேன். ஆனால் எவ்வளவுதான் சாய்ப்பது? தோளில் காது முட்டும் நிலை வந்ததும், மின்சார ரயில் ஏறி நகரத்திலிருக்கும் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கண் தசைகளுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், அக்கா. நம் ஸ்டெல்லாவைவிடச் சின்னவள். என் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு விரலை நீட்டினாள்.

"விரலையே பாருங்கம்மா. தலை அசையக் கூடாது. கண்ணு மட்டும்."

மேலே, கீழே, பக்கவாட்டில், மூலைகளில் என்று விரல் போன இடமெல்லாம் என் கண் போயிற்று. பிறகு என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து வலது பக்கம் சாய்த்தாள். எதிரேயிருந்த விளக்கு பிரிந்து ஒன்று மேலே ஏறிவிட்டது. இடது பக்கம் சாய்த்தாள். இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"எத்தனை நாளா தலையைச் சாய்ச்சு வெச்சிருக்கீங்க?"

"சின்ன வயசுலேர்ந்தே. கைக்குழந்தையில உரம் விழுந்துடுச்சு. எங்க அக்கா தூக்கினப்போ."

பழகிய வாக்கியம். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும் சொல்வாங்க."

எழுந்து வந்து என் கழுத்தின் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். திருப்பச் சொன்னாள், சாய்க்கச் சொன்னாள். "கழுத்து நல்லாத்தானே இருக்கு" என்றாள். பிறகு என் வலது கண்ணை ஒரு அட்டையால் மூடி, அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு வேறொருவரைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

என் தலை நேராக இருந்தது, அக்கா. யாரும் பிடிக்கவில்லை. ஸ்கேல் இல்லை. நான் முயற்சி செய்யவும் இல்லை. கழுத்து தானாக நிமிர்ந்து நின்றது. கண்ணாடியில் இருந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் அம்மாவின் ஜாடையில் இருந்தாள்.

"கழுத்துல கோளாறுன்னா, கண்ணை மூடினா சரியாயிடுமாம்மா?" என்று டாக்டர் கேட்டாள்.   "சின்ன வயசு போட்டோ எதுவா இருந்தாலும் அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க. சின்னதுலேர்ந்து இருந்துச்சுன்னா பயப்பட ஒண்ணுமில்ல. புதுசா வந்ததுன்னாதான் தலையை ஸ்கேன் பண்ணணும்" என்றாள்.

ஆல்பத்தைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். முதல் நற்கருணை, பள்ளிக்கூடக் குழுப்படம், கல்யாணம், ரேஷன் கார்டு. எல்லாவற்றிலும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்வு. என் இடது கன்னம் வலதைவிடக் கொஞ்சம் சிறுத்திருப்பதைக்கூட அவள் காட்டினாள். குழந்தையிலிருந்து ஒரே பக்கம் சாய்த்து வைத்தால் முகம்கூட அதற்கேற்ப வளருமாம். "இதைவிடச் சாட்சி வேணாம்மா. பொறக்கும்போதே வந்தது" என்றாள்.

நீ எதையும் எப்படி என்று கேட்காமல் விடமாட்டாய். தையல் மெஷினைப் பிரித்துப்போட்டு, உன் வீட்டுக்காரர் திட்டத் திட்ட மறுபடி பூட்டியவள் நீ. அதனால் அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை உனக்கு முழுதாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்திருக்கின்றன. நாலு நேர்த்தசைகள், இரண்டு சாய்தசைகள். ஒன்று இழுக்கும்போது அதற்கு எதிரில் இருப்பது அதே அளவுக்குத் தளர வேண்டும். உன் மெஷினில் மேல்நூலும் அடிநூலும் சரியான இழுப்பில் இருந்தால்தானே தையல் விழும், அதே கதை. இதற்கு மேல், இரண்டு கண்களும் ஒன்றாகப் போக வேண்டும். நான் வலது பக்கம் பார்க்கும்போது வலது கண் வெளிப்பக்கமும் இடது கண் மூக்குப் பக்கமும் திரும்ப வேண்டும். கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும் இரண்டு பேர் மாதிரி, ஒருவர் அசைந்தால் மற்றவர் அந்தக் கணமே அசைய வேண்டும். மூளைதான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் குரல் கொடுக்கிறது. தலையைத் திருப்பினால் காதுக்குள்ளிருந்து மூளைக்குச் செய்தி போய், கண்களை அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. இல்லாவிட்டால் நடக்கும்போதெல்லாம் தெருவே குலுங்கும்.

படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதாக நாம் நினைக்கிறோம். இல்லையாம். குதிக்கிறது, நிற்கிறது, மறுபடி குதிக்கிறது. குதிக்கும் நேரத்தில் தெரியும் கலங்கலை மூளை நமக்குக் காட்டுவதே இல்லை. வீட்டில் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். என் இடது கண்ணைப் பார்க்கிறேன், வலது கண்ணைப் பார்க்கிறேன். என் கண் அசைவதை என்னால் ஒரு தடவைகூடப் பிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் என் முகத்திலேயே நடக்கிற வேலை. எனக்கே தெரியாமல் நடக்கிறது.

என் வலது கண்ணின் மேல் சாய்தசைதான் பலவீனம். மூக்கை ஒட்டி மேல் மூலையில் ஒரு சின்னக் கப்பி இருக்கிறது. கிணற்றுக் கயிறு போல அந்தத் தசையின் நாண் அதற்குள் புகுந்து திரும்பிக் கண்ணைப் பிடிக்கிறது. கண்ணைக் கீழே இறக்குவதும் உள்பக்கமாகச் சுழற்றுவதும் அதன் வேலை. படி இறங்கவும் படிக்கவும் அதுதான் வேண்டும். அதற்குப் போகிற நரம்பு, கண்ணை அசைக்கிற நரம்புகளிலேயே மெலிந்தது. மூளைத்தண்டின் பின்பக்கம் கிளம்பி, எதிர்ப்பக்கம் தாண்டி, நீண்ட சுற்றுச் சுற்றி வருகிறது. எனக்கு அது பிறவியிலேயே சரியாக அமையவில்லை. யாரும் ஒன்றும் செய்ததால் அல்ல.

இப்போது இதைக் கேள். தலையை வலது பக்கம் சாய்த்தால் அந்தத் தசை வேலை செய்தே ஆக வேண்டும். இடது பக்கம் சாய்த்தால் அதற்கு வேலை குறைவு, இரண்டு கண்களும் சமமாகும். உட்காரத் தெரிந்த குழந்தைக்கு அம்மாவின் முகம் இரண்டாகத் தெரிந்திருக்கிறது. அதன் மூளை அங்கேயும் இங்கேயும் தேடிப் பார்த்து, தலையை எங்கே வைத்தால் முகம் ஒன்றாகத் தெரியும் என்று கண்டுபிடித்து, அங்கேயே வைத்துக்கொண்டது. உரம் விழுந்தது என்று என்னைப் போட்டு உருட்டினார்களே, அப்போது நான் சரியாகப் பார்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். மீதியையும் மூளை இத்தனை வருஷம் இழுத்துப் பிடித்துச் சேர்த்திருக்கிறது. இப்போது அதற்கும் வயதாகிவிட்டது, களைத்துவிட்டது. அவ்வளவுதான்.

"உங்க அக்கா மேல தப்பே இல்லம்மா" என்றாள் டாக்டர். அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள், சீட்டில் எழுதிக்கொண்டே.

ரயிலில் திரும்பும்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நம் குடும்பத்தில் பிறந்த குழந்தைகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வந்தேன். நீ தூக்காத குழந்தைகள். நீ போய்ச் சேர்ந்த பிறகு ஒரு இளம்பெண் இரண்டு மூன்று சோதனையில் கண்டுபிடித்ததை, நீ இருக்கும்போதே யாராவது கண்டுபிடித்திருக்கக் கூடாதா? பல்லாவரம் தாண்டும்போது தீர்மானித்துவிட்டேன். ஸ்டெல்லாவிடம் முதலில் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் உன் ஸ்டெல்லா பாட்டியாகப் போகிறாள், அக்கா. அவள் மகள் ஜெனி பிரசவத்துக்குக் கூடுவாஞ்சேரிக்கு வந்துவிட்டாள். நான் போன் செய்து டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லது சித்தி. கண்ணைப் பார்த்துக்கோங்க. நான் குழந்தையைப் பார்த்துக்க ஒரு அம்மாவை ஏற்பாடு பண்ணிட்டேன். தூக்கறது, குளிப்பாட்டறது எல்லாம் அவங்கதான்."

"ஏன், உன் கைக்கு என்னடி?"

"எங்கம்மா கைதானே சித்தி எனக்கும். ஜெனியையும் நான் தூக்கினது கெடையாது, எங்க மாமியார்தான். இப்ப எதுக்குப் புதுசா?"

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? அது உரமே இல்ல."

"டாக்டர் அன்னைக்கு அங்க இருந்தாங்களா? லூர்து பாட்டி கண்ணால பார்த்தவங்க."

 படித்துப் பட்டம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிற பெண். ஆனால் உன் கைகள் பின்னால் கட்டியிருந்ததைப் பார்த்தே வளர்ந்தவள். நீ அவளுக்கு வாய்விட்டு எதுவும் சொல்லியிருக்க மாட்டாய். சொல்லாமலே அவள் கற்றுக்கொண்டாள். கண்ணால் பார்த்தவர் வாயிலிருந்தே வந்தால்தான் இவளுக்கு இறங்கும் என்று புரிந்துகொண்டேன். மறுநாளே ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டு முடிச்சூருக்குப் போனேன்.

லூர்து அத்தை இருக்கிறார், அக்கா. தொண்ணூறை நெருங்குகிறார். முன்பு வயலாக இருந்த மனையை வாங்கி மகன் வீடு கட்டியிருக்கிறான். சுற்றிலும் எல்லைக் கல் நட்ட மனைகள்தான். கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். காது, வாய் இரண்டும் முன்பு போலவே.

"வாடி கான்வென்ட்டு! கழுத்து இன்னும் நேராவலையா? ஞானம் செஞ்ச வேலை, சாவற வரைக்கும் உன்னை விடாது போல."

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். நான் நாற்காலியைக் கட்டிலுக்கு நேரே இழுத்துப் போட்டேன்.

"அத்தை, ஒரு கேள்வி. நான் குழந்தையில தூங்கும்போது என் தலை எப்படி இருக்கும்?"

இதைக் கேட்கச் சொன்னது டாக்டர்தான். கழுத்துப் பிசகு என்றால் தூங்கும்போதும் கோணல் இருக்கும்; கண் என்றால் கண்ணை மூடியதும் கோணலுக்கு அவசியமில்லை.

"எப்படி இருக்கும்? நேராத்தான் இருக்கும். என் பக்கத்துலதானே படுப்பே. பொம்மையாட்டம் நேரா கெடப்பே."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். பிஸ்கட் டீக்குள் விழுந்தது. நான் என் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அவர் முன் உட்கார்ந்திருந்தேன். என் தலை மெதுவாக நிமிர்ந்ததை அவர் பார்த்தார். ஸ்டெல்லாவும் பார்த்தாள்.

"பாட்டி," என்றாள் ஸ்டெல்லா.  "எங்கம்மா தூக்கினதை நீங்க பார்த்தீங்களா, இல்லையா?"

"பார்த்தேன்."

"எப்படித் தூக்கினாங்க?"

அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் தூக்கினா. கழுத்துக்குக் கை குடுத்துத்தான் தூக்கினா. பெரிய மனுஷியாட்டம்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"எங்கம்மாவை உங்களுக்குத் தெரியாது. ரெண்டாவதும் பொண்ணு, அதுவும் தலை கோணின பொண்ணு. 'இவ வவுத்துல நேரா ஒண்ணும் வராது, கொண்டும்போய் அவ அப்பன் வூட்டுல வுட்டுட்டு வா'ன்னு அண்ணங்கிட்ட தெனம் ஓதிக்கினு இருந்தா. அண்ணனும் வாயைத் தொறக்காம கேட்டுக்கினு இருந்தாரு. உங்கம்மா பொட்டியகூட எடுத்து வெளிய வெச்சுட்டாங்கடி. நான் இன்னா பண்ணுவேன்? வவுத்துல வந்த கோணல் இல்ல, ஞானம் தூக்கினதுல உரம் வுழுந்துச்சு, நான் பார்த்தேன்னு சொல்லிட்டேன். பொட்டி உள்ள வந்துச்சு. சின்னப் பொண்ணு, ரெண்டு அடி வாங்கிக்கினு வெளையாடப் பூடும்னு நெனச்சேன்."

"அது அன்னைக்கு. அப்புறம் ஒவ்வொரு விசேஷத்துலயும் ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லச் சொல்ல எனக்கே நெசமாட்டம் ஆயிடுச்சுடி."

அக்கா, இதை நான் என்ன செய்வது? அம்மா அந்த வீட்டில் தங்கியது உன் முதுகில் விழுந்த அடியால். நான் கான்வென்ட்டுக்குப் போனது, என் வீட்டுக்காரரைக் கட்டியது, இந்த நாற்காலியில் உட்கார்ந்து கணக்குக் கேட்பது எல்லாமே அதனால்தான். அத்தையைத் திட்ட நினைத்த வார்த்தைகள் பாதி வழியில் நின்றுவிட்டன. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அது என் பாக்கி அல்ல, உன்னுடையது.

அம்மாவுக்குத் தெரியுமா? ஸ்டெல்லாவை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டே இருந்தாரே, அது பயமா, வெட்கமா? உனக்காவது தெரியுமா, நீ சரியாகத்தான் தூக்கினாய் என்று? ஒன்பது வயதுக் கைக்கு அது ஞாபகம் இருந்திருக்குமா, இல்லை, எல்லோரும் சொல்லச் சொல்ல உனக்கும் அது நிஜமாகிவிட்டதா?

புறப்படும்போது அத்தையிடம் சொன்னேன். "ஜெனி குழந்தைக்கு ஞானஸ்நானம் வைக்கும்போது நீங்க வரணும். எல்லார் முன்னாலயும் இதைச் சொல்லணும்."

"என்னால நடக்கவே முடியலடி."

"நாற்காலியோட தூக்கிட்டுப் போக ஆள் இருக்கு."

"நான் சொல்ல மாட்டேன்னா?"

"நான் சொல்வேன். உங்களை நடுவுல உட்கார வெச்சுட்டுச் சொல்வேன்."

என்னை முறைத்தார். பிறகு, "பிரியாணி போடுவீங்களா?" என்றார். போடுவோம் என்றேன். "வரேன் போ."

 பஸ்ஸில் ஸ்டெல்லா தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.  நம்புவது என்பது ஒருவர் வந்து கையில் கொடுத்துவிடும் பொருளா என்ன? ஏற்பாடு செய்த அம்மாளை வேண்டாமென்று சொன்னாளா என்றும் நான் கேட்கவில்லை.

போன வாரம் ஜெனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாம்பரத்திலேயே ஒரு நர்சிங் ஹோம். நர்ஸ் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, "பாட்டி யாரு? வந்து வாங்கிக்கோங்க" என்றாள். ஸ்டெல்லா ஒரு அடி பின்னால் போனாள். என்னைப் பார்த்தாள். ஏற்பாடு செய்த அம்மாளும் கை நீட்டிக்கொண்டு அங்கேதான் நின்றாள்.

"நீதான் பாட்டி" என்றேன். 

வாங்கிக்கொண்டாள், அக்கா. ஒரு கை கழுத்துக்கு, ஒரு கை முதுகுக்கு. மூச்சுகூட விடாமல் நின்றாள். குழந்தை கண்ணைத் திறந்தது. ஒரு கண் அவளைப் பார்த்தது. இன்னொன்று தன் பாட்டில் மூக்குப் பக்கம் ஒதுங்கிப் போயிற்று. ஸ்டெல்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சித்தி! கண்ணு ஒரு பக்கமா போகுது! பாருங்க, இப்பத்தான், நான் தூக்கினதும்..."

எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது பார். நம் வீட்டில் அந்தச் சொல் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்டெல்லா, நீ தூக்கறதுக்கு முன்னாடியும் அப்படித்தான் இருந்திருக்கும். ரெண்டு கண்ணும் சேர்ந்து போகணும்னு அதுக்கு இன்னும் தெரியாது. மூளை இப்பத்தான் பழகுது. கொஞ்ச மாசம் ஆகும்னு எங்க டாக்டர் சொன்னாங்க. அதுக்கப்புறமும் அப்படியே இருந்தா நானே கூட்டிட்டுப் போறேன். அப்பவும் அது உன் கையால இல்ல."

"நெசமாவா?"

"வேணும்னா நர்ஸைக் கேளு."

நர்ஸ் சிரித்தாள். "எல்லாப் பாப்பாவும் இப்படித்தான் பாட்டி முழிக்கும். பயப்படாதீங்க, நல்லாத்தான் பிடிச்சிருக்கீங்க."

அந்தச் சொல்லை ஒரு அந்நியப் பெண் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஸ்டெல்லா குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜெனியின் அறைவரை தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். ஏற்பாடு செய்த அம்மாள் என்னைப் பார்த்து, "அப்ப எனக்கு இன்னாமா வேலை?" என்று கேட்டாள். குளிப்பாட்டக் கற்றுக்கொடுங்கள் என்றேன்.

என் கண் பற்றிக் கவலைப்படாதே. டாக்டர் ப்ரிசம் வைத்த கண்ணாடி கொடுத்திருக்கிறாள். இரண்டு உருவத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அதுவே கொண்டுவந்து வைக்கிறது. மேம்பாலத்தில் ஏறி இறங்குகிறேன். பின்னால் ஒரு நாள் போதவில்லை என்றால், எதிர்த்தசையைத் தளர்த்தி ஆபரேஷன் செய்யலாம் என்கிறாள். தேவைப்பட்டால் செய்துகொள்வேன். யாருடைய அனுமதியும் கேட்கப் போவதில்லை.

அடுத்த மாதம் கூடுவாஞ்சேரியில் ஞானஸ்நானம். குழந்தையைத் தொட்டிக்குத் தூக்கிப் போகப்போவது ஸ்டெல்லா. குழந்தைக்கு உன் பெயரை வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது அவர்கள் இஷ்டம். விருந்தில் லூர்து அத்தை சொல்வார். அதற்குள் அவரை ஆண்டவர் அழைத்துக்கொண்டால், இதோ, நான் அச்சில் சொல்லிவிட்டேன். ஞானம் தன் தங்கையைக் கழுத்துக்குக் கை கொடுத்துச் சரியாகத் தூக்கினாள். படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லட்டும்.

உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. நான் உயிரோடு இருக்கும்வரை, நம் குடும்பத்தில் எந்தச் சின்னப் பிள்ளையையாவது பார்த்து "எல்லாம் உன்னாலதான்" என்று யாராவது ஆரம்பித்தால், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் எழுந்து நிற்பேன். எப்படித் தெரியும், யார் பார்த்தது, தூங்கும்போது எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பதில் வரும்வரை உட்கார மாட்டேன்.

கழுத்தில் ஒரு குறையும் இல்லாத உன் தங்கை,
பிலோமினா
மேற்குத் தாம்பரம்